திங்கட்கிழமைகளில் மனு எழுதித் தருகிறேன்

கூட்டுறவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் வெளியூரில். செய்தித்தாளை ஒரு விளம்பரம் விடாமல் படித்து முடித்தாலும் மணி பத்தைத் தாண்டாது. எதற்கு எழுந்தோம் என்றே தெரியாத காலைகள் அவை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு நண்பர் கூட்டிப்போனார். எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதித் தருகிற சிலரோடு நானும் வாசலில் உட்கார்ந்தேன்.

அங்கே வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடி சுற்றுபவர். முதியோர் உதவித்தொகை கேட்டு வருஷக்கணக்காக எழுதிப் போடுகிறார், ஒவ்வொரு முறையும் தள்ளுபடி. யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதித் தந்த மனு கையில் இருந்தது. பக்கம் முழுக்க ‘கருணை கூர்ந்து’ என்றே இருந்தது, என்ன வேண்டும் என்பது கடைசி வரியில்தான். பேரனின் போனுக்கு வந்திருந்த குறுஞ்செய்தியைத் திறந்து பார்த்தோம். ஆதார்படி 60 வயது ஆகவில்லையாம். ஆதார் எடுத்த அன்று குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த வருஷம் அது. பள்ளிக்கூடமே போகாதவர் அதைத் திருத்தச் சான்றுக்கு எங்கே போவார்?

“உங்க வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?” என்று கேட்டேன்.

“அவரு போய் ரொம்ப வருஷமாச்சு சார்.”

சரி, வழி இருக்கிறது. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு 60 வயது தேவையில்லை, 18 முடிந்திருந்தால் போதும். தொகை அதேதான், 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். இந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கணவரின் இறப்பைப் பதிந்திருக்கவில்லை. ஓராண்டு தாண்டிய இறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, ஊர்க்காரர்களின் சாட்சி என்று மாதங்கள் ஓடின. ஒரு நாள் அலைந்தால் அன்றைய பீடிக்கூலி போச்சு. ‘இவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர் நேரில் வரத் தேவையில்லாத இடங்களுக்கெல்லாம் நானே போனேன்.

பணம் வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். “சார்ட்ட எல்லாத்தையும் சொல்லுங்க, மறைக்காதீங்க” என்று அவர்களை என் எதிரில் உட்கார வைத்தார்.

2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்கு முன் அவர்களும் மனுக்கள் கொடுத்திருந்தார்கள். அந்த நினைவு இருப்பதால், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை நான் பேனாவைத் திறப்பதில்லை.

* * *

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன். நர்சிங் படித்தவள். அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு ஸ்கேன் எங்கே, ரத்த வங்கி எங்கே என்று வழிகாட்ட நாங்கள் சிலர் போவோம்.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், மனைவியின் ஆபரேஷனுக்காக முதலாளியிடம் முன்பணம் கேட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். இங்கே தாமதமாகும், தனியாரிடம் போ என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். முன்பணம் வாங்கிவிட்டால் அது கழியும்வரை குடும்பமே சூளையில்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. காப்பீட்டுப் பிரிவுக்குக் கூட்டிப்போய், டாக்டரிடமும் பேச வைத்தோம். ஆபரேஷன் அங்கேயே நடந்தது. “முன்பணம் வேண்டாம் முதலாளி” என்று அவர் போனில் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன்.

வெளிநாட்டு வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மருத்துவச் சமூகப்பணி படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

* * *

நல்ல முடிவு அம்மா. வீட்டில் பொறுமையாகப் பேசுங்கள்.

என் பதிவைப் படித்துவிட்டு, மனு எழுத வருகிறேன் என்று கேட்ட மற்றவர்களுக்கு: ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள், அதையும் முதல் வரியிலேயே. பழைய மனுவின் ரசீது இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்று மனு கொடுப்பவரிடம் இருக்கட்டும். அப்புறம், கூட்டம் பத்து மணிக்கு என்றாலும் கிராமத்துப் பேருந்துகள் எட்டரைக்கே வந்துவிடும். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஆள் பற்றவில்லை.