கிரீம் சாஸில் கடலுணவு கேசரோல்: மூன்று ஊர்களில் எங்கள் வீட்டு அனுபவங்கள்

ஹாலிஃபாக்ஸ், கனடா

சாஸில் கலந்து ஓவனில் வேகவைக்கும் கடலுணவு கேசரோலைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேற்புறம் பொன்னிறமாக முறுகி, பார்த்தாலே நாவில் எச்சில் ஊறும். கரண்டியை உள்ளே விட்டால் அடியில் வெளிறிய நீர் தேங்கி நிற்கும், சாஸ் திரிந்து கிடக்கும், ஸ்கேலப் என்ற சிப்பிச் சதையைப் பல்லால் கடிக்கவே முடியாது. அலுவலக விருந்துகளில் இப்படிப்பட்டதை நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். எவ்வளவு சீஸை அள்ளிப் போட்டாலும் அந்தக் குறை மறைவதில்லை. அதனால் தண்ணீரை எப்படி அடக்குவது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

எங்கள் நோவா ஸ்கோஷியா மாகாண மக்களுக்கு இது மிகவும் நெருக்கமான பண்டம். ஹாடக் மீன், ஸ்கேலப், பெரிய இறால் போன்ற லாப்ஸ்டர் மூன்றையும் வெண்ணெய், மைதா, பால் சேர்த்த கெட்டியான ஒயிட் சாஸில் புரட்டி, மேலே உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி ஓவனில் வைப்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு அம்மையார், லூனன்பர்க் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சமையலறையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் துணிதான். மீன் துண்டுகளின் மேல் லேசாக உப்பைத் தூவி அரைமணி நேரம் வைப்பார். உப்பு இழுத்த நீர் முத்து முத்தாக மேலே வந்து நிற்கும். துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுப்பார். துணி நனைந்துவிட்டால் வேறு துணி. பிறகு மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் சாஸ் பக்கம் திரும்புவார். உறைந்த மீனாக இருந்தால் முதல்நாள் இரவே சல்லடையில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து உள்ளே வைத்துவிடுவார். காலையில் கிண்ணத்தில் சேர்ந்திருக்கும் நீரைப் பார்த்தால், அது முழுவதும் சாஸில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது புரியும்.

ஸ்கேலப் வாங்குவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இங்கே பேர்பெற்றது டிக்பி ஸ்கேலப். உலகிலேயே மிக உயரமாக ஓதம் ஏறும் ஃபண்டி விரிகுடாக் கரையில் இருக்கிறது அந்த ஊர். பெட்டியின் மேல் 10/20, 20/30 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பதற்கான கணக்கு. எண் சிறிதாக இருந்தால் ஸ்கேலப் பெரிது. கேசரோலுக்கு 20/30 போதும். சில கடைகளில் பாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைத்ததை விற்கிறார்கள். அது நீரைக் குடித்து எடை ஏறியிருக்கும். சுண்ணாம்பு வெள்ளையாக, எல்லாம் ஒரே நிறத்தில், பால் போன்ற நீரில் கிடந்தால் வாங்கவே வேண்டாம். ஊறவைக்காதது தந்த நிறத்தில் இருக்கும், சிலவற்றில் இளஞ்சிவப்பு கூட ஓடும், தொட்டால் விரலில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் சூடான வாணலியில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நல்லதாக இருந்தால் உடனே சிவந்து வரும். ஊறவைத்தது நுரை தள்ளி, தன் நீரிலேயே வேகும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னத் தசைப்பட்டையை விரலால் உரித்து எடுத்துவிடுங்கள்; எத்தனை நேரம் வெந்தாலும் அது மெத்தென்று ஆகாது.

லாப்ஸ்டருக்கும் காலம் பார்க்க வேண்டும். மாகாணத்தின் தென்மேற்குக் கரையில் நவம்பர் கடைசியிலிருந்து மே 31 வரை பிடிப்பார்கள். அப்போது ஓடு கெட்டியாக, உள்ளே சதை நிறைந்து இருக்கும். கோடையில் ஓடு மாற்றியதும் பிடித்ததில் சதை குறைவு, நீர் அதிகம். வேகவைத்துச் சதையை எடுத்தபின் ஓடுகளை எறிந்துவிடாதீர்கள். பாலில் போட்டுக் கொதி வராமல் இருபது நிமிடம் சூடாக்கி வடிகட்டினால், சாஸின் மணமே மாறிவிடும். இந்தப் பண்டத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத படி இது. லாப்ஸ்டர் விலைக்கு அந்த ஓட்டில் இருக்கும் சுவையையும் நாம்தான் எடுக்க வேண்டும்.

இனி சாஸ். ஒரு கிலோ கடலுணவுக்கு (அரைக் கிலோ ஹாடக், 300 கிராம் ஸ்கேலப், 200 கிராம் லாப்ஸ்டர் சதை) 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் மைதா, 600 மில்லி பால், 150 மில்லி 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் செலரியையும் ஈரம் வற்றும்வரை வதக்கி, மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகக் குறைந்த தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் கிரீம். கடுகுத் தூள், வெள்ளை மிளகு, ஒரு சிட்டிகை சாதிக்காய். பார்ப்பதற்கு இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கும். பயப்பட வேண்டாம். என்னதான் துடைத்தாலும் மீன் வேகும்போது கொஞ்சம் நீர் விடத்தான் செய்யும்; அந்த நீரைச் சேர்த்துக்கொண்ட பிறகே சாஸ் சரியான பதத்துக்கு வரும். துருவிய செடார் சீஸை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போடுங்கள். கொதிக்கும் சாஸில் போட்டால் நெய் பிரிந்து மணல்மணலாக ஆகிவிடும்.

மீனையும் ஸ்கேலப்பையும் பச்சையாகவே சாஸில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே வேகவைத்தால் ஓவனில் இரண்டாம் முறை வெந்து, இருக்கிற சாற்றையெல்லாம் கக்கிவிடும். லாப்ஸ்டர் ஏற்கெனவே வெந்தது என்பதால் கடைசியில், பெரிய துண்டுகளாக. அகலமான தட்டையான பாத்திரம், வெண்ணெயில் புரட்டிய பிஸ்கட் தூள், 190 டிகிரி செல்சியஸில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். ஓரங்களில் குமிழ் வந்து, நடுவில் வெப்பமானி 63 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால் சாஸ் இறுகி நிற்கும்.

அபர்டீன், ஸ்காட்லாந்து

அக்கா, உப்பு தூவி ஒற்றி எடுப்பதைச் சொன்னீர்களே, நாங்கள் அதற்கு நேர்மாறாகப் போகிறோம். இங்கே பெரிய வெள்ளியன்று பல வீடுகளில் ‘ஃபிஷ் பை’ (fish pie) என்ற ஓவன் பண்டம் செய்வார்கள். பிஸ்கட் தூளுக்குப் பதில் மேலே மசித்த உருளைக்கிழங்கு. உள்ளே புகையூட்டிய ஹாடக் கட்டாயம். மீனைப் பாலில் மெல்லிய சூட்டில் ஐந்தாறு நிமிடம் மட்டும் வைத்து எடுத்து, அந்தப் பாலிலேயே சாஸ் செய்கிறோம். மீன் விட்ட நீர் முன்பே பாலில் கலந்துவிடுவதால், சாஸைக் காய்ச்சும்போது அதையும் சேர்த்தே சுண்டவைத்துவிடலாம். ஆனால் பாதி வேக்காட்டில் எடுத்துவிட வேண்டும், பிறகு ஓவனில் மீதி வேகும்.

புகையூட்டிய மீனுக்கு உப்பு ஏற்கெனவே இருக்கும். சாஸ் முடிந்து ருசி பார்க்கும்வரை உப்பு டப்பாவைத் தொடாதீர்கள். பளீர் மஞ்சளாக இருப்பது சாயம் ஏற்றியது. நான் சாயமில்லாத வெளிர் நிறத்தையே வாங்குவேன். வேகவைத்த முட்டையை நான்காக நறுக்கி உள்ளே வைப்பது இங்கே வழக்கம், என் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். கிழங்கை வேகவைத்து வடித்ததும் அதே சூடான பாத்திரத்தில் ஒரு நிமிடம் உலரவிட்டு மசிக்க வேண்டும். முள்கரண்டியால் மேலே கோடு கிழித்தால் அந்த மேடுகள் மட்டும் முறுகிச் சிவக்கும்.

ஆஸ்லோ, நார்வே

என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்தவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தக் கரையோர ஊர்களுக்கு வந்த தமிழர்கள் பலருக்கும் முதல் வேலை அதுதான். அங்கே உடன் வேலை செய்த நார்வேப் பெண்களிடம் அம்மா கற்றுக்கொண்டது ஃபிஸ்கெகிராத்தெங். காட் மீன் அல்லது ஹாடக், ஒயிட் சாஸ், மக்கரோனி, முட்டை, சாதிக்காய், மேலே ரஸ்க் தூள். மஞ்சள் கருவைச் சாஸில் கலந்து, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெல்லச் சேர்ப்பார்கள். ஓவனில் உப்பி வரும். தொட்டுக்கொள்ளத் துருவிய காரட்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு எங்கள் விடை மக்கரோனிதான், அக்கா. அதை முக்கால் வேக்காட்டில் வடித்துவிட்டால் மீன் விடும் நீரை அது குடித்துக்கொள்ளும், முட்டை மீதியைக் கட்டும். அதனால் நீங்கள் சொல்லும் அளவுக்குச் சாஸைக் கெட்டியாக்கினால் எங்களுடையது வறண்டு போகும். அம்மா இதில் பச்சை மிளகாயும் நிறைய மிளகும் போடுவார். கறிவேப்பிலை மட்டும் கூடாது என்பார், பாலும் சாதிக்காயும் சேர்ந்த மணத்தை அது அமுக்கிவிடுமாம். ஆலையில் நாள் முழுவதும் மீனின் முள்ளை எடுத்த கை அது. வீட்டிலும் ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பாத்திரத்தில் போடுவார். இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவர் தொண்டையிலும் முள் சிக்கியதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். விருந்தினர் வரும் நாளில் முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

ஹாலிஃபாக்ஸ், கனடா

வைக்கலாம், தங்கச்சி. சாஸை முதல்நாளே செய்து, மேலே ஆடை கட்டாமல் இருக்கத் தாளைச் சாஸின் மேலேயே படும்படி மூடிக் குளிர வைத்துவிடுங்கள். மீனைத் தனியாகத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். சூடான சாஸில் பச்சை மீனைக் கலந்து வெளியே வைப்பது மட்டும் ஆபத்து. மீன் அரைகுறையாக வெந்து கெட்டுப்போகும். அன்றைய தினம் குளிர்ந்த சாஸில் மீனைக் கலந்து நேராக ஓவனில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். பிஸ்கட் தூளைப் பாதி வேக்காட்டில் தூவினால் போதும், முதலிலேயே தூவினால் கருகிவிடும். மிஞ்சியதை உறைய வைக்காதீர்கள், மைதா சாஸ் உருகும்போது நீர் பிரிந்துவிடும். மறுநாள் ஒரு கரண்டி பால் தெளித்து, மூடி, 160 டிகிரியில் நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.