26 வார சிகிச்சை: எங்கே சறுக்குகிறது?

சிகிச்சை மேற்பார்வையாளர்
வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் (சுருக்கமாக மாக்சி) நான்கும் சேர்த்துக் கொடுக்கும் 26 வார சிகிச்சையில் மூன்றாவது வாரம்தான் பலரும் தடுமாறும் இடம். முதல் 2 வாரம் பெடாகுயிலின் தினமும் 400 மி.கி., அதாவது 100 மி.கி. மாத்திரை நான்கு. பிறகு வாரம் மூன்றே நாள், 200 மி.கி. திங்கள், புதன், வெள்ளி என்று அட்டையில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மற்ற மூன்றும் தினசரி: பிரிட்டோமனிட் 200, லினசோலிட் 600, மாக்சி 400. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் பெடாகுயிலின் பாதியளவுதான் உடம்பில் சேரும்.

ஆய்வுக்கூடம்
சிபிநாட், ட்ரூநாட் என்ற விரைவுச் சளிப் பரிசோதனைகள் இரண்டும் சொல்வது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பை. மாக்சி வேலை செய்யுமா என்று தெரிய எல்பிஏ என்ற மரபணுப் பரிசோதனை வேண்டும். கிருமி குறைவான சளியில் எல்பிஏ பல நேரம் முடிவே தராது. கல்ச்சரில் கிருமி வளரும்வரை காத்திருக்க நேரும், அதற்கு 42 நாள் வரை ஆகலாம். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மாக்சிக்கு எதிர்ப்பு உறுதியானால் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் தொடரலாம். எச்சிலை அனுப்பிவிட்டு முடிவு வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும்.

செவிலியர்
லினசோலிட்டைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அதைத் தினமும் 1200 மி.கி. கொடுத்த நிக்ஸ்-டிபி ஆய்வில் 109 பேரில் 81 சதவீதத்தினருக்கு நரம்பு பாதிப்பு வந்தது. 600 ஆகக் குறைத்து 26 வாரம் கொடுத்த ஜீநிக்ஸ் ஆய்வுப் பிரிவில் 91 சதவீதத்தினருக்கு நல்ல பலன் கிடைத்தது. இன்றைய அளவு அங்கிருந்து வந்ததுதான். குறைந்த அளவிலும் கவனம் தேவை. "கால் எரியுதா, செருப்பு கழன்றது தெரியுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், பொதுவாக "எப்படி இருக்கீங்க" என்றால் யாரும் சொல்வதில்லை. நரம்பைக் காக்கக் கொடுக்கும் பி6 வைட்டமின் மாத்திரை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எழுத்துப் பலகையோடு நிறப் பார்வையையும் சோதியுங்கள். சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை தொடக்கத்தில், இரண்டாம் வாரத்தில், பிறகு மாதந்தோறும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால் லினசோலிட்டைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். முதல் 9 வாரமாவது முழு அளவு போய்ச் சேர்வது நல்லது.

மருந்தாளுநர்
மேலே சொன்ன ரத்தக் குறைவுக்கு இரும்பு மாத்திரை எழுதுகிறார்கள். லினசோலிட் எலும்பு மஜ்ஜையை அடக்குவதால் வரும் குறைவு இரும்பால் தீராது. அதோடு இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் எல்லாம் மாக்சியைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. தவிர்க்க முடியாவிட்டால் மாக்சி போட்டு 4 மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

வாந்திக்கு ஆன்டன்செட்ரான் கொடுப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அது க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னளவில் இயங்கி மீள எடுக்கும் நேரத்தை, நீட்டும். பெடாகுயிலினும் மாக்சியும் ஏற்கெனவே அதையே செய்கின்றன. வாந்தியால் பொட்டாசியமும் இறங்கியிருக்கும். ஈசிஜியில் இந்த இடைவெளி 500 மில்லி விநாடியைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

சிகிச்சை மேற்பார்வையாளர்
பாதியில் நிறுத்துவோர் பற்றி ஒன்று. பெடாகுயிலின் உடம்பில் பாதியாகக் குறையவே 5 மாதத்துக்கு மேல் ஆகும். மற்றவை சில நாளில் வெளியேறிவிடும். கிருமியின் எதிரில் அது மட்டும் தனியாக, குறைந்த அளவில் நிற்கும். அதற்கும் எதிர்ப்பு உண்டாக அதுவே வழி. அதனால்தான் இரண்டு நாள் வரவில்லை என்றாலே வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம்.