புதுப்பிப்பு: படலத்தை இழுத்தால் காந்தத்திசை நிமிருமா?

போன கிழமை கேட்டிருந்தேன்: காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் மேல் வளர்த்த, மங்கனீசு கலந்த காலியம் ஆர்சனைடுப் படலத்தில் காந்தத்திசை ஏன் படலத்தின் தளத்திலேயே படுத்துக் கிடக்கிறது?

சரி, பிடிபட்டது. மங்கனீசு சேர்ந்ததும் படலத்தின் அணுக்கள் கொஞ்சம் கூடுதல் இடைவெளி கேட்கும். கீழேயுள்ள காலியம் ஆர்சனைடு அடித்தளம் விடாமல் நெருக்கும். அதனால்தான் பொதுவாகப் படுக்கை. இடையில் இந்தியம் என்ற உலோகம் கலந்த, அணு இடைவெளி அகலமான அடுக்கை வைத்தால் படலம் இழுபட்டு, திசை செங்குத்தாகும்.

நேற்று கிளிநொச்சி வகுப்பில் சைக்கிள் ரியூப் துண்டொன்றில் பேனையால் வட்டம் கீறி இழுத்தேன். வட்டம் நீண்டது, ரப்பர் மெலிந்தது. "அப்ப அணு அடுக்கும் உயரம் குறையுமோ, சேர்?" என்றாள் ஒரு பிள்ளை. அதேதான்! எவ்வளவு அழகான கேள்வி.

காலியம் ஆர்சனைடின் மேல் வளர்த்த இரும்புப் படலம் பற்றி முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தம்: அங்கே பொருத்தமின்மை, அதாவது இரண்டின் அணு இடைவெளிகளும் ஒத்துப்போகாத அளவு, ஏறத்தாழ 1.4% தான். மிக மெல்லிய படலத்தில் இரண்டும் சந்திக்கும் இடைமுகத்தின் அணுப் பிணைப்புகளும் திசையைத் தீர்மானிக்கின்றன. அடித்தளத்தின் நெருக்கத்தை மட்டும் நான் காரணமாக எழுதியது பிழை.