சீக்குவன்ஸ் டேட்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு,

பழம்பொருள்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டு எண் கொடுக்கும் தொல்லியல் முறைதான் சீக்குவன்ஸ் டேட்டிங். அதற்குத் தமிழில் 'வரிசைமுறைக் காலக்கணிப்பு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் காலக்கணிப்பு என்றதும் படிப்பவர் ஆண்டைத் தேடுவார். இந்த முறையில் ஆண்டே கிடையாது.

இதை உருவாக்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1853இல் பிறந்தவர். முறையான பள்ளிப்படிப்பு இல்லை. அப்பாவிடம் நில அளவை கற்றார். 1880இல் கீசா பிரமிடுகளை அளக்க எகிப்துக்குப் போனவர், மற்றவர்கள் சிலைகளைத் தேடிய இடத்தில் உடைந்த பானையோட்டைப் பொறுக்க ஆரம்பித்தார். 1894-95இல் எகிப்தின் நகாதா என்ற ஊரில் 2000க்கும் மேற்பட்ட புதைகுழிகள் கிடைத்தன. எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை, எது மேலே எது கீழே என்று சொல்ல மண்ணடுக்கும் இல்லை.

அப்புறம் எகிப்திலேயே ஹூ என்ற ஊரின் வட்டாரத்திலும் தோண்டி, சுமார் 900 குழிகளைத் தேர்ந்து, குழிக்கு ஓர் அட்டைச் சீட்டு எழுதினார். எந்தப் பானை எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீட்டுகளை இடம் மாற்றினார். அவருக்குக் கைகொடுத்தது நெளிபிடி ஜாடி. ஒரு கோடியில் வயிறு பெருத்த ஜாடி, பிடித்துத் தூக்க வாகான பிடி. மறுகோடியில் ஒடுங்கிய ஜாடி, பிடி இருந்த இடத்தில் வெறும் நெளிகோடு. பிடி தேய்ந்து அலங்காரமாகும், அலங்காரம் வளர்ந்து பிடியாகாது என்பது அவர் கணக்கு. எது பழையது என்று அப்படித்தான் பிடித்தார். வரிசைக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். இன்னும் பழையது கிடைத்தால் இடம் வேண்டுமே, அதனால் 30க்குக் கீழே காலி.

50 என்றால் 40க்குப் பின், 60க்கு முன். இடையே எத்தனை ஆண்டு என்று கேட்கக்கூடாது.

அதனால் அந்த எண்ணை 'முன்பின் எண்' என்றும், முறையை 'முன்பின் எண்ணீடு' என்றும் சொல்லலாமே. 'வரிசை எண்' ரேஷன் கடை வரை போய்விட்டது. 'வரிசைப்படுத்தல்' கணினிக்காரர்களிடம் இருக்கிறது. 'முன்பின் தெரியாதவர்' ஞாபகம் வருமே என்பீர்கள். வரட்டும், இங்கே தெரிந்தது முன்பின் மட்டும்தான்.

பொருள்களை முன்பின்னாக அடுக்கும் சீரியேஷன் என்ற பொதுமுறைக்கு எண் அவசியமில்லை என்பதால் 'முன்பின் அடுக்கல்' போதுமா? மண்ணடுக்கோடு குழம்பும் என்று எனக்கே ஒரு தயக்கம். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.