கப்பல் பால்கனியில் தீ: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீலக்கரை

எங்கள் கடைசிக் கப்பல் பயணத்தில் நடந்ததை எழுதுகிறேன். பால்கனி அறை எடுத்துப் போகிறவர்கள் படித்தால் நல்லது.

கரை எதுவும் தெரியாத நடுக்கடல். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு நானும் என் மனைவியும் பால்கனியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மேல் தளத்திலிருந்து சிவப்பாக ஒரு பொறி கீழே இறங்கியது. சிகரெட் துண்டு. நேராகக் கடலில் போய் விழும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கப்பல் ஓடும்போது பக்கவாட்டில் அடிக்கிற காற்று அதைச் சுழற்றி உள்பக்கம் தள்ளிவிட்டது. கம்பிக்கு மேலாக வந்து, இரண்டு பால்கனிக்கும் நடுவில் இருக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம், பக்கத்து அறைக்காரர்களின் பால்கனிக்குள் போய் மறைந்தது.

அங்கே குளியல் துண்டு ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மதியமெல்லாம் அதன் முனை தடுப்பைத் தாண்டிப் படபடத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் துணி கருகும் வாசனை வந்தது. காற்றில் வரும், போகும், மறுபடி வரும். வெளிச்சமோ சுவாலையோ எதுவும் இல்லை.

மனைவி போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். ஆள் இல்லை. நான் அறை ஃபோனில் ஒட்டியிருந்த அவசர எண்ணை அழுத்தினேன். அறை எண், பால்கனி, கருகும் வாசனை, உள்ளே யாரும் இல்லை என்று நான்கு விஷயம் சொன்னேன். அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் போல. ஒருவர் தீயணைப்பானோடு வந்தார், இன்னொருவர் சாவி போட்டுத் திறந்தார். நாற்காலியின் முதுகில் கிடந்த துண்டில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, அதன் ஓரமெல்லாம் செக்கச்செவேலென்று கனல். நனைத்து, பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு போய்விடவில்லை. நாற்காலியையும் தரையையும் தடுப்பின் அடிப்பகுதியையும் கையால் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் அங்கேயே நின்று காத்திருந்தார்கள். மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்தபோதுதான், இதை அவர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது.

இதுபோல நீங்கள் பார்த்தது, கேட்டது இருந்தால் எழுதுங்கள். கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

தளம்ஏழு

பயணிகள் கப்பல்களில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தீயணைப்புக் குழுவிலும் இருந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன "கையால் தடவிப் பார்த்தார்கள்" என்ற இடம் சரியான கவனிப்பு. துணி, மெத்தை, பிளாஸ்டிக் நார் இவையெல்லாம் சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஈரமாகத் தெரியும், அடியில் சூடு இருக்கும். காற்று கிடைத்ததும் சட்டென்று எரியத் தொடங்கும்.

பால்கனித் தீ என்றால் எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் நடந்ததைத்தான். 2006 மார்ச் 23, அதிகாலை 3 மணி வாக்கில். கரீபியன் கடலில் கிராண்ட் கேமன் தீவிலிருந்து ஜமைக்காவின் மாண்டேகோ பேவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். பத்தாம் தளத்தில் ஒரு பால்கனியில் தீ பிடித்தது. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை விசாரித்து, அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று சொன்னது. அந்தத் துண்டின் சூட்டில் பால்கனியில் இருந்த ஏதோ ஒரு பொருள் சுமார் 20 நிமிடம் கனன்றுகொண்டே இருந்து, பிறகுதான் சுவாலை விட்டிருக்கிறது. அந்த 20 நிமிடத்தில் நீலக்கரை மாதிரி ஒருவர் விழித்திருந்து வாசனையைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நிறைய தடவை யோசித்திருக்கிறேன்.

அந்தத் தீ ஏன் அப்படிப் பரவியது என்பதுதான் முக்கியம். அறைகளுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. புகை கண்டறியும் கருவி, தீ வந்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர், எளிதில் எரியாத சுவர் எல்லாம் இருந்தன. வெளியே பால்கனியில் அது எதுவும் இல்லை. பால்கனி திறந்தவெளி என்பதால் விதிகள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பால்கனிகளுக்கு நடுவில் இருந்த தடுப்பு பாலிகார்பனேட், தரையில் பதித்திருந்தது பாலியூரிதேன், இரண்டுமே பிளாஸ்டிக் வகைகள்; மேசை நாற்காலியும் பிளாஸ்டிக். எல்லாம் எரியக்கூடியவை, எரிந்தால் அடர்ந்த கறுப்புப் புகை விடக்கூடியவை. அதோடு கப்பல் ஓடும் வேகத்தில் அடிக்கிற காற்று. தீ பக்கத்து பால்கனிகளுக்குத் தாவி, 11, 12ஆம் தளங்களுக்கும் ஏறிவிட்டது.

கப்பலின் உள்ளே தீ பரவாமல் இருக்க, முன்னிருந்து பின் வரைக்கும் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவில் தீயைத் தாங்கும் சுவர் வைத்திருப்பார்கள். அன்றைக்குத் தீ அந்தச் சுவரை உடைக்கவில்லை. வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. வெப்பத்தில் பால்கனிக் கண்ணாடிக் கதவுகள் வெடித்து அறைகளுக்குள்ளும் நுழையப் பார்த்தது. அங்கே ஸ்பிரிங்க்ளரும் எரியாத சுவர்களும் சேர்ந்து அதைத் தடுத்து நிறுத்தின. அணைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. புகையால் ஒரு பயணி இறந்துபோனார், 13 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 79 அறைகள் இனி உதவாது என்று ஒதுக்கப்பட்டன. இன்னும் 218 அறைகள் தீயாலோ புகையாலோ தண்ணீராலோ பாழாயின.

அதற்குப் பிறகுதான் விதி மாறியது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2006 டிசம்பரிலேயே, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் பால்கனிக்கென்று தனியாகத் திருத்தம் கொண்டுவந்தது. 2008 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தடுப்புகள் எரியாத பொருளில் இருக்க வேண்டும். நாற்காலி, மேசை போன்றவை தீ அபாயம் குறைந்தவையாக இருக்க வேண்டும்; அப்படி இல்லையென்றால் பால்கனியிலேயே தீ கண்டறியும் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் பொருத்த வேண்டும். பழைய கப்பல்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எரியாத நாற்காலியைக் கப்பல்காரர்கள் போட்டுவிடலாம். அதன்மேல் பயணி விரித்துவைக்கிற துண்டு எரியும்தானே? நீச்சல் உடை, காற்றடித்த ரப்பர் மிதவை, அட்டைப் பெட்டி, நாளிதழ் என்று நாம் கொண்டுபோய் வைக்கிற ஒவ்வொன்றும் அந்த விதி எடுத்துப்போட்ட ஆபத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறது. பால்கனியில் துணி காயப்போடாதே என்று கப்பலில் சொல்லும்போது, பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். துணி பறந்துபோய்க் கடலில் விழும் என்பதும் உண்மைதான். என்னைக் கேட்டால், மேலேயிருந்து வரும் ஒரு பொறிக்கு நாமே படுக்கை விரித்து வைக்கிறோம் என்பதுதான் பெரிய காரணம்.

மாலுமிமகள்

என் அண்ணன் புகைப்பவர். அவரோடுதான் போனேன். இன்றைக்குப் பெரும்பாலான கப்பல்களில் பால்கனியில் புகைக்கக்கூடாது, ஈ-சிகரெட்டும் கூடாது, மீறினால் அபராதம் என்று டிக்கெட் எடுக்கும்போதே எழுதியிருக்கிறார்கள். திறந்த தளத்தில் தனியாக இடம் இருக்கிறது, கனமான சாம்பல் தொட்டி இருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் ஏறி அங்கேதான் போவார். இரவு எந்நேரமானாலும் சரி. "என் ஒருத்தனுக்கு அஞ்சு நிமிஷ நடை, கீழே எத்தனை பேர் தூங்குறாங்க பாரு" என்பார். அவர் சொன்ன இன்னொரு விஷயம்: சாம்பல் தொட்டியில் போடும்போதும் நன்றாக நசுக்கிவிட்டுத்தான் போட வேண்டும், தளத்துக் காற்றில் தொட்டிக்குள் இருப்பதுகூடக் கிளம்பிப் பறக்கும்.

வெள்ளைநுரை

சிகரெட் தவிர இன்னொன்று சொல்கிறேன். பக்கத்து அறையில் ஓர் இளைஞர் குழு. மதிய வெயிலில் பால்கனி மேசைமேல் பவர் பேங்க்கை வைத்து, அதில் ஃபோனைச் செருகிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வருகிற தம்பிதான் பார்த்தார். உப்பிப் போயிருந்ததாம். தொடவில்லை, உடனே மேலதிகாரியைக் கூப்பிட்டார். பாதுகாப்பு ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

லித்தியம் பேட்டரி சூட்டில் கெட்டால் தானாகவே எரியத் தொடங்கும், அதை அணைப்பதும் சுலபமில்லை. சார்ஜ் போடுவதை அறைக்குள்ளே, நிழலில், ஆள் இருக்கும்போது செய்யுங்கள். முகம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வெயில் படுகிற இடத்தில் விடாதீர்கள். குழிந்த கண்ணாடி வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கம்பி எல்லாம் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்காகக் கோபப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கோபப்பட அதில் எதுவும் இல்லை.

தெற்குக்காற்று

எங்களுக்கு நடந்தது பால்கனியில் இல்லை, ஆனால் பால்கனியால் மோசமாகியிருக்கும். பின்னிரவில் ஒலிபெருக்கியில் "பிராவோ பிராவோ பிராவோ" என்று ஓர் இடத்தின் பெயரோடு அறிவித்தார்கள். பல கப்பல்களில் அது தீ என்று ஊழியர்களுக்குச் சொல்லும் குறிச்சொல். எங்கள் தளத்திலேயே ஒரு சாமான் அறையில் புகை. என்ன சத்தம் என்று பார்க்க ஆளாளுக்கு எழுந்தார்கள். சிலர் பால்கனிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, அப்படியே வந்து நடைபாதைக் கதவையும் திறந்தார்கள். இரண்டு கதவும் திறந்தால் அறை புகைக்குழாய் ஆகிவிடும். கடல்காற்று புகையைக் கண்டபடி இழுக்கும். நடைபாதையில் ஓடி வந்த பணிப்பெண் ஒவ்வொரு அறையிலும் "முதலில் கண்ணாடிக் கதவை மூடுங்கள்" என்றுதான் சொன்னார். வெளியே வாருங்கள் என்பதுகூட அடுத்துதான்.

என் அப்பாவுக்குக் காது கேட்காது. முன்பதிவின்போதே சொல்லியிருந்தோம், தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்கிற, விளக்கு மின்னுகிற அலாரம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கிளம்பும் நாளில் நடக்கும் மஸ்டர் பயிற்சியையும் (ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டுகிற பயிற்சி) தவற விடாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும், எந்தப் படிக்கட்டு என்பதை அன்றைக்கே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் நடந்து பார்த்திருந்தோம். அன்று இரவு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்போது அந்த ஒரு நடைதான் எங்களைக் குழம்பாமல் வைத்தது. புகையை நல்லவேளையாக அவர்களே அடக்கிவிட்டார்கள்.

நீலக்கரை

எல்லோருக்கும் நன்றி. தளம்ஏழு, ஒரு சந்தேகம். அறைக்கு வெளியே நடைபாதை முழுக்கப் புகை என்று வைத்துக்கொள்வோம். பால்கனி வழியாகப் பக்கத்து அறைக்கு ஏறிப் போய்விடலாமா? என் மனைவி அன்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தளம்ஏழு

கூடவே கூடாது. கம்பிமேல் ஏறி அந்தப் பக்கம் போகப் பார்ப்பது தீயைவிட வேகமாக ஆளைக் கொன்றுவிடும். கீழே கடல், இருட்டு, ஓடுகிற கப்பல்.

முதலில் நடைபாதைக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லை, புகை கம்மி என்றால் குனிந்து, தரையோரம் ஒளிர்கிற கோட்டைப் பிடித்துப் படிக்கட்டுக்குப் போங்கள். லிஃப்ட் வேண்டாம். கதவு சூடாக இருந்தால் திறக்காதீர்கள். அவசர எண்ணைக் கூப்பிட்டு, இந்த அறையில் இத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். நனைத்த துண்டைக் கதவின் அடியில் அடைத்துவிடுங்கள்.

தீ உங்கள் பக்கத்து பால்கனிகளில் இல்லையென்றால் மட்டும் பால்கனிக்குப் போகலாம். போனதும் கண்ணாடிக் கதவைப் பின்னால் மூடுங்கள், சுவரோரம் தாழ்வாக உட்காருங்கள், வெளிச்சமான எதையாவது ஆட்டுங்கள். பல கப்பல்களில் பால்கனித் தடுப்பைச் சாவி போட்டுத் திறக்க முடியும், அதற்கான சாவி ஊழியர்களிடம் இருக்கும். அந்த வழியாக ஆட்கள் வருவார்கள். அதனால் தடுப்பை ஒட்டி நாற்காலியையோ மேசையையோ நெருக்கிப் போட்டு வைக்காதீர்கள், தூங்கப் போகும் முன் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுங்கள். தீ பால்கனிப் பக்கமே இருந்தால் எல்லாம் தலைகீழ்: கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, அறைச் சாவியை எடுத்துக்கொண்டு நடைபாதை வழியாக வெளியேறுங்கள். உங்கள் மனைவியிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.