நெல்லையிலிருந்து காட்பாடிக்கு வந்தோம்: மறுத்த கூழும் ‘இன்னா’ என்னும் சொல்லும்

பொருநைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். மாறுதல் கலந்தாய்வில் கே.வி.குப்பம் பக்கத்தில் இடம் கிடைத்ததால், கடந்த ஜூன் மாதம் மனைவியோடும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் காட்பாடியில் வாடகை வீடு பிடித்துக் குடியேறினேன். வெயிலையும் தண்ணீரையும் சொல்லிப் பயமுறுத்தி அனுப்பிய உறவினர்கள், பேச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், தலைமையாசிரியர், “நாளைக்கு வரசொல்ல அந்த ரெஜிஸ்டர எடுத்துகினு வந்துடுங்க சார்” என்றார். யாரையோ வரச் சொல்லும்படி என்னிடம் பொறுப்பு ஒப்படைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “யாரை ஐயா வரச் சொல்ல வேண்டும்?” என்று பணிவாகக் கேட்டேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்த பிறகுதான், இங்கே ‘வரசொல்ல’ என்றால் ‘வரும்போது’ என்று பொருள் என எழுத்தர் விளக்கினார். அதை நானும் சேர்ந்து சிரித்துக் கடந்துவிட்டேன்.

என் மனைவியால் அப்படிக் கடக்க முடியவில்லை. “வாங்க, இரிங்க” என்ற உபசாரத்தில் வளர்ந்தவளைப் பக்கத்து வீட்டு அம்மாள் முதல் நாளே, “இன்னாமா நின்னுகினே கீற, குந்து” என்று சொல்ல, அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் ‘குந்து’ என்பதை மதிப்பில்லாதவரிடம்தான் சொல்வோம். ‘இன்னா’ என்றால் துன்பம் என்று இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற எனக்கும் அந்தச் சொல் காதில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதைவிடப் பெரியது ஆடி மாதத்தில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே அம்மாள், வாயில் வேப்பிலை செருகிய சொம்பு நிறையக் கேப்பைக் கூழும், ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். நாங்களும் கருவாடு உண்ணும் வீடுதான். அன்று என் மனைவிக்கு வயிறு சரியில்லை, புளித்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. “வேண்டாம்க்கா, நாங்க இதெல்லாம் சாப்பிடுறதில்ல” என்று சொல்லிவிட்டாள். சொம்பை எடுத்துக்கொண்டு போனவர், அன்றிலிருந்து வாசலில் கண்டால் தலையை மட்டும் அசைக்கிறார்.

மாடியிலிருக்கும் வீட்டுக்காரர் குடும்பம் எங்களோடு தமிழில் பேசிக்கொண்டே இருக்கும். திடீரென்று தங்களுக்குள் தெலுங்குக்கு மாறிவிடும். எங்களைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று மனைவி முடிவே செய்துவிட்டாள். இதற்கு நடுவே, சென்ற வாரம் மகள் தொலைபேசியில் தன் ஆச்சியிடம், “ஆச்சி, இன்னா பண்ணிகினு கீற?” என்று கேட்க, என் தாயார், “பிள்ளைய எங்கல கொண்டு போயி விட்ருக்க?” என்று என்னைத் திட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

கூழ் விஷயத்தை எப்படிச் சரிசெய்வது, மகளின் பேச்சைத் திருத்த வேண்டுமா விட்டுவிட வேண்டுமா என்பதை இந்த ஊரை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடியாத்தம் பெரியவர் எழுதியது:

ஐயா, நானும் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன்; ஆகவே தொழில்காரருக்குத் தொழில்காரராகவே பேசுகிறேன். ‘எடுத்துகினு’ என்பதில் இருக்கும் ‘கினு’, ‘கொண்டு’ என்பது தேய்ந்த வடிவம். உங்கள் ஊரில் ‘எடுத்துக்கிட்டு’ என்பீர்கள். உங்கள் ‘கிட்டு’வும் எங்கள் ‘கினு’வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று தெற்கே வளர்ந்தது, மற்றொன்று வடக்கே வளர்ந்தது. ‘இருக்கிறது’ என்பதில் முன்னால் உள்ளதை விழுங்கினால் ‘கீது’ கிடைக்கும். பின்னால் உள்ளதை விழுங்கினால் உங்கள் ‘இருக்கு’ கிடைக்கும். இதில் எது கொச்சை, எது செம்மை என்று தீர்ப்பளிக்க நம் இருவருக்குமே தகுதியில்லை. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். பெயர்ப் பலகைகள்தான் மாறின, அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை ‘கினு’ அப்படியேதான் இருக்கிறது.

‘குந்து’ என்றால் உட்கார் என்பதற்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் ‘இன்னா’ என்று நிறுத்தவில்லை, ‘இன்னாமா’ என்றிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ‘ங்க’வில் வைக்கும் மரியாதையை நாங்கள் அந்த ‘மா’விலும் ‘பா’விலும் வைத்திருக்கிறோம்.

கூழுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் கனமானது அதுதான். உங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுத்துப் படைப்புச் சோறு வாங்குவீர்கள் அல்லவா, அந்த இடத்தில் இந்தக் கூழை வைத்துப் பாருங்கள். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யை வேகவிட்டு, அதில் அந்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவிக் காய்ச்சுவார்கள். வீட்டுக்கு ஒரு குடமாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே கொப்பரையில் ஊற்றுவார்கள். அந்தக் கொப்பரையில் சேர்ந்த பிறகு, எந்த வீட்டுக் கூழ் எது என்று அம்மனுக்குக்கூடத் தெரியாது. அதிலிருந்து மொண்டு வந்ததைத்தான் அந்த அம்மாள் உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

உங்கள் மனைவி ‘வேண்டாம்’ என்றது பெரிதில்லை. ‘இதெல்லாம்’ என்றாரே, அந்தச் சொல்தான் தைத்திருக்கும். வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தால் சுக்குத் தண்ணீர் வந்திருக்கும். ‘நாங்கள் இதெல்லாம் சாப்பிடுவதில்லை’ என்றால், ‘உங்கள் வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம்’ என்றுதான் கேட்பவர் காதில் விழும். யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்பதற்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பதை ஆசிரியராகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டு போகாதீர்கள். அது அவரைச் சங்கடப்படுத்தும். உங்கள் வீட்டில் சமைத்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் தருவதை அங்கேயே உட்கார்ந்து, ஆம், குந்தி, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். (இந்த ‘வரச் சொல்லுங்கள்’ உங்கள் ஊர்ப் பொருளில்.)

இன்னொன்று, தமிழாசிரியர் என்பதால் சொல்கிறேன். பங்குனி முதல் வைகாசி வரை எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவு விடிய விடியத் தெருக்கூத்து, கடைசி நாள் தரையில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்துப் படுகளம், மாலையில் தீமிதி. மகளையும் அழைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்காருங்கள். அரசர்கள் விருத்தம் பாடிச் செந்தமிழில் முழங்குவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மட்டும் ‘இன்னா ராஜா, இன்னாத்துக்கு இஸ்துகினு வந்த’ என்பான். கூட்டம் யார் பேசும்போது தூக்கம் கலைந்து நிமிர்கிறது என்று பாருங்கள்.

வைகைக்காரி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து செவிலியர் வேலைக்கு வந்து எனக்கு இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெரியவர் சொன்னதில் கூழைப் பற்றியது முழுக்கச் சரி. ஆனால் ஒருமைப் பேச்செல்லாம் அன்புதான் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். ‘மா’ சேர்த்துச் சொல்லும் ‘நீ’ வேறு, அது இல்லாத ‘நீ’ வேறு. நான் முதலில் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் இரண்டாவது வகையில்தான் பேசினார். காலி செய்தபோது சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். அப்படிப்பட்டவர் எந்த ஊரிலும் இருப்பார். அதை வட்டார வழக்கின் கணக்கில் எழுதவும் வேண்டாம், வட்டார வழக்கென்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நான் வந்த புதிதில் பெரிய மருத்துவமனையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தேன். அங்கே கடைப் பலகைகளில் பாதி வங்காள எழுத்தில் இருக்கும், உணவகத்தில் கடுகெண்ணெய் மீன் குழம்பு கிடைக்கும், அறைகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள் பத்து நாளோ ஒரு மாதமோ தங்கிவிட்டுப் போய்விடுவார்கள். மளிகைக்கடைக்காரர் என் பெயரைக் கேட்பதற்கு முன், “எத்தினி நாளு தங்குவீங்க?” என்றுதான் கேட்டார். இந்த ஊரார் வந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு கோடையை நீங்கள் அவர்களோடு சேர்ந்து வெந்து முடிக்கும் வரை, முழு மனதையும் திறக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். சத்துவாச்சாரிக்கு மாறிய பிறகு, இரண்டாவது மே மாதத்தில்தான் எதிர்வீட்டு அக்கா தானாகவே ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார்.

பாலாறு என்றால் மணல்தான் என்று நானும் கேலி பேசியிருக்கிறேன். 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியபோது, பாலத்தில் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரே நின்று பார்த்ததைக் கண்ட பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன். நீங்கள் வற்றாத பொருநைக்கரையிலிருந்து வந்தவர். தண்ணீரைப் பற்றி இவர்களிடம் பெருமை பேசிவிடாதீர்கள்.

மகளைத் திருத்த வேண்டாம். என் மகன் பள்ளியில் ‘கினு’ என்கிறான், மதுரைக்குப் போனால் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே ‘என்னங்கடா’ என்று மாறிவிடுகிறான். பிள்ளைகளுக்கு இரண்டு நாக்கு இருப்பது நல்லதுதான்.

பேரணாம்பட்டு பாய் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு, மாடி வீட்டுத் தெலுங்கைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை அது வட ஆற்காட்டைச் சேர்ந்தது. மாவட்டத்தின் தலைநகரமே அதுதான். எல்லைக்கோடு பின்னால் வந்தது, கொண்டு கொடுத்த உறவு முன்பிருந்தே இருக்கிறது. அதனால் காட்பாடி, குடியாத்தம், எங்கள் பேரணாம்பட்டு என்று எங்கே போனாலும், வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீட்டில் உருது. கடையில் உங்களோடு தமிழில் கணக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தாயார் அழைத்தால், நான் நினைக்காமலேயே நாக்கு உருதுக்குப் போய்விடும். பெரும்பாலும் “நாஷ்டா ஆயிற்றா, தோசைக்கு மாவு இருக்கிறதா” என்பதற்கு மேல் அதில் ரகசியம் இருக்காது. அடுத்த முறை மாடிப்படியில் பார்க்கும்போது “பாகுன்னாரா” (நலமா) என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்ற ஐயம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு ரகசியம் பேச இடமே இல்லை.

கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்தால் அவசியம் போங்கள். சீரகச் சம்பா பிரியாணியோடு வைக்கும் கத்தரிக்காயை ஒதுக்கிவிடாதீர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை ஒதுக்கினால் கூழை மறுத்ததைவிடப் பெரிய வழக்காகிவிடும்.

பொருநைக்கரையான் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘இதெல்லாம்’ என்ற சொல்லை நான் சுட்டிக்காட்டியபோது என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தான் சொன்னது அப்படியும் கேட்டிருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நேற்று அவள் உளுந்தங்களி கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊரிலிருந்து வந்தவை. தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். களி என்றதும் அந்த அம்மாள் கேவுரு (கேழ்வரகு) களி என்று நினைத்துக் குழம்பை எடுத்து வைத்துவிட்டாராம். ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இன்னாமா இது, களி இனிப்பா கீது” என்று சொல்லி, குழம்புக் கிண்ணத்தை என் மனைவியின் பக்கம் தள்ளி, அதற்கென்று ஒரு கேவுரு களி உருண்டையையும் தட்டில் வைத்திருக்கிறார். தட்டிலிருந்ததை இவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறாள். கூழைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்று காலை தூக்குச்சட்டி திரும்பி வந்தது. “சும்மா குடுக்கக் கூடாதுமா, மல்லாட்ட அவிச்சேன்” என்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மல்லாட்டை என்றால் என்னவென்று நானும் மனைவியும் விழித்துக்கொண்டு நின்றபோது, மகள் மூடியைத் திறந்து, “நிலக்கடலப்பா, இதுகூடத் தெரியாதா” என்று ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தீபாவளிக்கு ஆச்சி இங்கே வருகிறார். அவர் வாயைத் திறந்து, எங்கள் ஊரில் பெண்களை அழைக்கும் ‘ஏளா’ என்ற சொல்லால் கூப்பிட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் என்ன நினைப்பாரோ என்று இப்போது என் மனைவி கவலைப்படுகிறாள்.