பிறப்புச் சான்று நகல் வாங்கப் போன இடத்தில் நடந்தது – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கம்மாய்க்கரை

மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் முத்திரை) செய்த பிறப்புச் சான்று கேட்டார்கள். நான் 1978-இல் கிராமத்தில் பாட்டி வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவன், பள்ளி டி.சி.யை வைத்தே பாஸ்போர்ட் வரை வாங்கியாகிவிட்டது, இதுவரை யாரும் கேட்டதில்லை. வி.ஏ.ஓ.விடம் போய், அவர் தாலுகா ஆபீஸ் என்று சொல்லி, அங்கே பழைய கிராமப் பதிவேடெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பியாச்சு என்று சொல்லி, அந்த அலைச்சல் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது தடவை போனபோது பதிவறையிலிருந்து அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ஊழியர் விரல் வைத்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். குழந்தையின் பெயர்: ஒன்றும் எழுதவில்லை. ஆண். அப்பா பெயர், அம்மா பெயர். தேதி ஆகஸ்ட் 9. என் டி.சி.யில் ஜூன் 5, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி என்று அம்மா சொல்லியிருக்கிறார், ஆனால் உண்மையான நாள் எது என்று அவருக்கே நினைவில்லை, "ஆடியிலே, நல்ல காத்துடா" என்பார், அவ்வளவுதான். அப்புறம் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். தகவல் கொடுத்தவர் என்று தாத்தா பெயர் இருந்தது, பக்கத்தில் அவர் கைநாட்டு. ரேகை ரேகையாகத் தெரிந்தது.

தாத்தா அடுத்த தை மாதமே போய்விட்டார். அவருக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அப்போது வி.ஏ.ஓ. ஏது, மணியக்காரர் காலம், பக்கத்து ஊருக்கு வேகாத வெயிலில் நடந்து போய்ப் பதிந்துவிட்டு வந்தாராம். ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் சார் என்று கேட்டேன், கூடாது என்று மூடிவிட்டார். மறு வாரம் டைப் செய்த சான்று வந்தது, பெயர் இடத்தில் கோடு போட்டிருந்தது. கைநாட்டு அதில் வராதுதான், தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மஞ்சக்கிழங்கு

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நானும் எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் முதல் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தாள். உயிரோடு பிறந்து ஒரு மூச்சு விட்டிருந்தால்கூட பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இறப்புச் சான்று ஒன்று போதும் என்று நினைத்துத்தான் நகராட்சிக்குப் போனேன், வீட்டுக்காரரால் வர முடியவில்லை, அம்மாதான் கூட வந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "பாப்பா பேர் சொல்லுங்க" என்றார். நான் பேசாமல் நின்றேன். அப்புறம்தான் கூடவே வைத்திருந்த இறப்பு அறிக்கையைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்று, "பேர் வைக்கணும்னு கட்டாயம் இல்லைக்கா, ஆனா வைக்கணும்னு இருந்தா வைக்கலாம்" என்றார்.

வைத்தேன். பீரோவில் இருக்கிறது.

பழையகணக்கு

நான் வருவாய்த்துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்மாய்க்கரை, நீங்கள் சான்று வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இனிமேல்தான் உங்களுக்குச் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஜூன், சான்றில் ஆகஸ்ட், பெயரும் இல்லை. அதை அப்போஸ்டிலுக்கு அனுப்பினால் அங்கேயே கேள்வி வரும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எந்தத் தேதியை எங்கே திருத்துவது என்று முடிவு செய்யுங்கள், அவசரப்பட்டு இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிறப்பு எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் இருக்காது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அலைகிறார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில், அதிலும் டவுன் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கும், இவர்கள் மாமனார் ஊர் வி.ஏ.ஓ.வைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் இலவசம், 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை எழுத்து மூல அனுமதியும் உறுதிமொழியும் வேண்டும், அதற்கும் மேல் போனால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். தேடிப் பார்த்துப் பதிவே இல்லை என்றால் அதற்கும் எழுத்தில் பதிவின்மைச் சான்று கேட்டு வாங்குங்கள், வாயால் இல்லை என்று சொன்னதை நம்பித் திரும்பி வராதீர்கள். அது இல்லாமல் தாமதப் பதிவுக்கு மனுவே நகராது.

பெயர் சேர்ப்பது முதல் வருடம் இலவசம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2000-க்கு முன் பிறந்தவர்களுக்கு 2014 டிசம்பர் என்று கெடு வைத்து, அப்புறம் 2019, அப்புறம் 2024 டிசம்பர் என்று நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். எத்தனை தடவை தண்டோரா போட்டோம், யாரும் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அவசரம் என்று ஓடி வருவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றுதான் பிறந்த தேதிக்கு ஆதாரம், இனிமேல் வாத்தியார் போடும் தேதி செல்லாது. மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

படம் எடுக்க விடவில்லை என்று அந்த ஊழியரைக் குறை சொல்வது சரியில்லை. அதே பக்கத்தில் வேறு பத்துக் குடும்பத்தின் விவரமும் இருக்கிறது.

தெக்குமாசி

சார், நீங்கள் சொல்வது எல்லாம் சட்டத்தில் இருக்கலாம். ஆனால் அவர் குறை சொல்லவே இல்லையே, மறுபடி படித்துப் பாருங்கள். மேலே ஒரு அக்கா இரண்டு நாள் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார், அதைத் தாண்டி வந்து தண்டோரா போட்டோம் யாரும் வரவில்லை என்கிறீர்கள். எங்கள் ஊரில் எந்தத் தண்டோராவும் கேட்கவில்லை. என் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் ஆபீசுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. என் தங்கை சான்றுக்கு அவர் நான்கு தடவை போனார். நான்காவது தடவை நானும் போனேன். ஆபீசர் நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார், நான் பேன்ட் சட்டையில் இருந்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார், துண்டு கையில் இருந்தது. ரசீது கேட்டு வாங்கு என்று அவரிடம் யார் சொல்வது, கேட்டால்தான் யார் கொடுப்பது?

நான் உட்காரவில்லை. அன்றைக்கே சான்று கிடைத்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழையகணக்கு

தம்பி, நான் சொன்ன விதம் தப்பு. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், உண்மையாகவே கவனிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் அப்பாவை நிற்க வைத்தது எந்தச் சட்டத்திலும் இல்லை.

புளியடிமுகாம்

நான் இலங்கை அகதி முகாமில் பிறந்தவள், 1991. எங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு இடம். இந்தியாவில் பிறந்ததற்கு இங்குள்ள பதிவு வேண்டும், அதை வைத்துத்தான் சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைப் பத்திரம் எடுக்க வேண்டும். முதல் கடதாசியில் ஒரு எழுத்துப் பிழை என்றால் இரண்டாவதும் நிற்கும். அம்மாவின் பெயர் இங்கே எழுதும்போது ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்தில் அவவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறு மாதிரி, அதுவும் 1990-இல் வள்ளத்தில் வரேக்க நனைந்து பாதி அழிந்தது.

திருத்தம் கேட்டுப் போன இடத்தில் இருந்தவர் அம்மாவைப் பார்த்து, உங்கள் பெயரை நீங்களே ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள் என்றார். அம்மா பேனாவை வாங்கி, நிறைய நேரம் எடுத்து, முழுப் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் எழுதினா. ஊரை யாரும் கேட்கவில்லை. அவர் அதை அடிக்கச் சொல்லவில்லை, அப்படியே மனுவோடு சேர்த்துக் குத்தி வைத்தார். திருத்தம் வர ஏழு மாதம் ஆனது, ஆனால் வந்தது.

இன்னொருகை

இதெல்லாம் இப்போது ஆன்லைனில் இரண்டு நிமிடத்தில் டவுன்லோடு செய்யலாமே, கியூ.ஆர். கோடோடு வருகிறது, என் பையன் சான்றை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் எடுத்துவிட்டேன். ஏன் எல்லாரும் நடந்துகொண்டிருக்கிறீர்கள்?

தெக்குமாசி

அண்ணா, புதிய பதிவுகளுக்குச் சரி. 1978-இல் மணியக்காரர் எழுதியதை யார் ஏற்றி வைத்திருக்கிறார்கள்?

பழையகணக்கு

கம்மாய்க்கரைக்கு ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் பதிவேட்டைத் தேடச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. சான்று வேண்டும் என்று கேட்காமல், இந்த எண் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும், தகவல் கொடுத்தவர் கட்டம் உள்பட, என்று மனுவில் தனியாக எழுதுங்கள். கைநாட்டுத் தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து முத்திரை வைத்துத் தருவது அங்குள்ள அலுவலர் மனசைப் பொறுத்தது. நான் இருந்திருந்தால் மற்ற வரிகளை வெள்ளைத் தாள் வைத்து மறைத்துவிட்டு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கம்மாய்க்கரை

திங்கட்கிழமை போய் மனு கொடுத்தேன் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே எழுதி. அதே ஊழியர்தான். படித்துப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். தாத்தாவுக்குப் போட்டோ இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் ஆபீசர் வெள்ளிக்கிழமைதான் வருவார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, பக்கத்தை அவங்களாவது நேரில் பார்க்கட்டும் என்றார்.

ரசீது வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.